பச்சைக் கல் மஞ்சளான வாரம்

தம்பி, அப்பா எழுதுகிறேன், உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, மாயெபூர் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது, பெண் வீட்டார் சுயாக்கிலிருந்து வந்து வெற்றிலை மாற்றிவிட்டுப் போனார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நீ ரோஸ்ஹில்லில் உன் அறையில் நிம்மதியாக இருப்பாய். இங்கே வீட்டில் அப்படி இல்லை. போன வாரம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "என் தம்பி வந்து நிக்காத மணவறைக்கு நான் வரமாட்டேன். ஊரு என்ன சொன்னாலும் சரி. இருபது வருஷமா உங்களுக்காக வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். இது என் பிள்ளை கல்யாணம்" என்றாள். கிரியோலில்தான் சொன்னாள். தம்பி என்ற ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள்.

நம் வீட்டிலும் இந்தத் தீவு முழுக்கவும் பேசுவது கிரியோல், அதை யாரும் எழுதுவதில்லை. பிரெஞ்சில் எழுதினால் நீ வாத்தியார், என் பிழைகளைத் திருத்திக்கொண்டே படிப்பாய், விஷயம் காதில் விழாது. அதனால் என் அப்பா கோயில் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்த தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பில் நீ எழுத்துக்கூட்டிப் படித்தது மறந்திருக்காது. மெதுவாகப் படி. அம்மாவின் தம்பி, உன் சின்னத்தம்பி மாமா, ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறாய். நிலத் தகராறு என்று சொல்லி வைத்தேன். ஒரு முழம் நிலம்கூட இல்லாத இரண்டு குடும்பங்களுக்குள் என்ன நிலத் தகராறு என்று நீ யோசிக்கவில்லை, ஏனென்றால் சொன்னவன் உன் அப்பா. அது பொய். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா உன்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். கடைத்தெருவுக்குப் பின்னால், நீ பிறந்து வளர்ந்த அதே பட்டறையில், நானும் மாமாவும் எதிரெதிராக உட்கார்ந்து வேலை செய்தோம். தங்க வேலை எனக்கு, கல் வேலை அவருக்கு. அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு கல்லைக் கையில் எடுத்தால் அவர் முதலில் பேசமாட்டார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து நாலு பக்கமும் திருப்புவார், பிறகு அந்தக் கல்லைப் பற்றி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். இவன் அவசரக்காரன், தட்டினால் பிளந்துவிடுவான். இவள் நல்லவள், ஆனால் முதுகில் ஒரு காயம் இருக்கிறது. அப்படி. என்னைவிட நல்ல வேலைக்காரர். அதை நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு நாள் சுயாக் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துப் பெரிய வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார மதாம் காரில் வந்தாள். கணவன் இறந்தவள், கறுப்பு உடுப்பு. அவளுடைய மோதிரம் விரலை இறுக்க ஆரம்பித்திருந்தது. வளையத்தை வெட்டிக் கொஞ்சம் தங்கம் சேர்த்துப் பெரிதாக்கித் தர வேண்டும். மாமியார் கொடுத்த மோதிரமாம், தூங்கும்போதுகூடக் கழற்றியதில்லையாம். சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் கழற்றினோம். அதில் இருந்தது ஒரு வைரம். ஆனால் நான் அதுவரை பார்த்த வைரம் எதுவும் அப்படி இல்லை. அது பச்சை. இலைப் பச்சையும் இல்லை, மரகதப் பச்சையும் இல்லை. ஆலையில் கரும்பு பிழிந்ததும் முதலில் வரும் சாறு ஒரு நிறம் இருக்குமே, கொஞ்சம் சாம்பல் கலந்த மங்கிய பச்சை, அந்த நிறம். கல்லுக்குள்ளே யாரோ ஒரு சொட்டுக் கரும்புச் சாற்றை ஊற்றி மூடிவிட்டதுபோல இருந்தது. வைரம் என்றால் வெள்ளை, மிஞ்சிப்போனால் லேசான மஞ்சள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமா கண்ணாடியை வைத்து அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அத்தான், இதைப் பாருங்க, கல்லைப் பிடிச்சிருக்கிற மூணாவது நகத்துக்குக் கீழே விளிம்புல ஒரு சின்ன வெட்டு. பிறை மாதிரி" என்று எனக்குக் காட்டினார். நானும் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்தேன்.

மாமாதான் அந்த வேலையைச் செய்தார். கல்லை எடுக்காமலே வெங்காரம் தடவி, ஊதுகுழலால் ஊதிப் பற்றவைத்தார். நான் அப்போது போர்ட் லூயிஸுக்குப் போயிருந்தேன். மாலையில் திரும்பி வந்தபோது மோதிரம் தயார், கல் பச்சையாகவே இருந்தது. பஞ்சில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மறுநாளே புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. சன்னல்களைப் பலகை வைத்து அடித்தோம். புயல் நம் கூரையில் பாதியைக் கொண்டுபோனது, சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, ஒன்பது நாள் யாரும் நகை பற்றி நினைக்கவில்லை.

மதாம் மோதிரத்தை வாங்க வந்த நாளில் மழை இன்னும் விடவில்லை. சன்னல் பலகைகளைக்கூட நாங்கள் கழற்றியிருக்கவில்லை. பட்டறைக்குள் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு மட்டும். நான் பெட்டியைத் திறந்து பஞ்சைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கல் மஞ்சளாக இருந்தது. லேசான மஞ்சள் இல்லை தம்பி, தேன் மாதிரி, ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

"சா பா மோ பாக் சா!" என்றாள். இது என் மோதிரம் இல்லை. பாம்பைத் தொட்டதுபோல அதை மேசைமேல் போட்டாள். "என் கல் எங்கே? என் பச்சைக் கல் எங்கே?"

மாமா எழுந்து வந்து பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "மதாம், இது அதே கல்லுதான். நான் சூடு காட்டினப்போ ஒரு நிமிஷம் இப்படித்தான் மஞ்சளாச்சு. ஆறினதும் திரும்பவும் பச்சையாயிடுச்சு. சொன்னா யாரும் நம்பமாட்டாங்கன்னு சொல்லலே" என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இந்த வேலையைச் செய்தது யார்?"

இந்த இடத்தில்தான் நான் உன் முன்னால் குற்றவாளியாக நிற்க வேண்டும், தம்பி. மாமா என் பக்கம் திரும்பி, "அத்தான், கண்ணாடி வைச்சு அந்த மூணாவது நகத்தைப் பாருங்க. பிறை இருக்கும். மதாமுக்கும் காட்டுங்க" என்றார். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. கையை மேசைமேலேயே வைத்திருந்தேன். அந்த ஒரு நொடியில் என் மனத்தில் ஓடியது இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. பார்த்தால் ஒருவேளை பிறை இருந்துவிடும். இருந்துவிட்டால் நான் இவனோடு சேர்ந்து, யாரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு, அந்தப் பெரிய வீட்டுக்கு எதிராக நிற்க வேண்டும். பார்க்காமல் இருந்துவிட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். தெரியாதவனுக்கு ஒன்றும் ஆகாது. "வேலை செஞ்சது இவன்தான் மதாம். நான் அன்னைக்கு ஊர்லயே இல்லே" என்றேன்.

அவர் திருடினார் என்று நான் உண்மையிலேயே நினைத்தேனா என்று நீ கேட்பாய். பாதி நினைத்தேன். மீதிப் பாதியை நினைத்துப் பார்க்க விடாமல் வைத்திருந்தேன். மாலையில் போலீஸ் வந்தது. மோதிரத்தைத் தடித்த உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் ஊதுகுழலை மட்டும் எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. வாசற்படியில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அதே அளவு, அதே வெட்டு, அதே குழியில அச்சா உட்கார்ற மஞ்சள் வைரம் அவனுக்கு எங்கேருந்து கிடைச்சது? புயல்ல அடிச்சுக்கிட்டு வந்துச்சா?" நான், போர்ட் லூயிஸில் எல்லாம் கிடைக்கும் என்றேன். "அப்படின்னா அன்னைக்குப் போர்ட் லூயிஸ் போனது நீங்கதானே" என்றாள். அதன் பிறகு பதினேழு நாள் என்னோடு பேசவில்லை. நிறைமாதக்காரி, தினமும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு நடந்து போய்விட்டு வந்தாள். நான் கூப்பிட்டாலும் நிற்கமாட்டாள்.

பதினெட்டாவது நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கு மாயெபூர் நீதிமன்றத்துக்கு வந்தது. நான் சாட்சி. அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மஜிஸ்திரேட் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். அரக்கை உடைத்து உறையைத் திறந்தார்கள். கல் மஞ்சள். குமாஸ்தா மஞ்சள் நிறக் கல் பதித்த மோதிரம் ஒன்று என்று வாசித்துக்கொண்டே எழுதினார். மோதிரத்தை ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்து, எல்லாரும் பார்க்கும்படி சன்னலோரத்து மேசையில் வைத்தார்கள். பிறகு போலீஸ்காரர் சொன்னார், நான் சொன்னேன், மதாமின் வக்கீல் நின்று நிறையப் பேசினார். யாரும் மேசையைப் பார்க்கவில்லை. அது மார்கழி வெயில் தம்பி, புயலுக்குப் பிறகு கழுவி வைத்ததுபோல இருக்கும் வெயில். அது மெல்ல நகர்ந்து மேசைமேல் ஏறியது.

அரைமணி நேரம் கழித்து மதாமைக் கூப்பிட்டார்கள். இது உங்கள் மோதிரம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். அவள் எழுந்து மேசைக்குப் போய்க் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து அவள் கையுறை போட்ட விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. பிறகு, மூச்சு விடுவதுபோல, "சாமெம்" என்றாள். "சாமெம் மோ பாக்." இதேதான், என் மோதிரம் இதேதான்.

கரும்புச் சாறு. அதே பச்சை. குமாஸ்தா தான் எழுதிய தாளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ ஒருத்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். மஜிஸ்திரேட் கதவைச் சாத்தச் சொன்னார், யாரும் வெளியே போகக்கூடாது என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ கல்லை மாற்றிவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். அப்போது கூண்டிலிருந்து மாமா பேசினார். பதினேழு நாள் அவர் காவல் அறைக்குள் அதை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மிஸ்யே, நான் ஒண்ணு சொல்லலாமா? இரும்புப் பெட்டியில ஒன்பது நாள் இருட்டு. போலீஸ் உறையில பதினேழு நாள் இருட்டு. இங்க வந்து அரைமணி நேரம் வெயில். கல்லு ஒண்ணுதான். இருட்டுல கிடந்தா மஞ்சளாகுது, வெளிச்சம் பட்டா பச்சையாகுது. நம்பலைன்னா திரும்பவும் இருட்டுல வைச்சுப் பாருங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

வக்கீல் சிரித்தார். மஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. மோதிரத்தைத் தானே எடுத்து, தானே உறையில் போட்டு, தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை எல்லாரும் வர வேண்டும் என்றார்.

அந்தத் திங்கட்கிழமையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மஜிஸ்திரேட் எங்களைத் தன் சின்ன அறைக்குள் கூப்பிட்டார். மதாம், இரண்டு வக்கீல்கள், குமாஸ்தா, ஒரு போலீஸ்காரர், மாமா, நான். அம்மாவை உள்ளே விடவில்லை, அவள் வாசலில் நின்றாள். சன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு மெழுகுவர்த்தி. அவர் உறையைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டினார். மஞ்சள். எல்லாரும் பார்த்தாயிற்றா என்று கேட்டார். பிறகு மோதிரத்தைச் சன்னல் கட்டைமேல் வைத்து ஒரு கதவைத் திறந்தார். வெயில் நேரே விழுந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கல் மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது. பிறகு அதன் ஓரத்தில் ஏதோ ஒரு நிழல் விழுந்ததுபோல இருந்தது. தேன் கொஞ்சம் மங்கியது. எப்போது மஞ்சள் முடிந்தது, எப்போது பச்சை தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியாது, நான் கண்ணை இமைக்கவே இல்லை, ஆனாலும் சொல்ல முடியாது. விடிகிறபோது கடல் எந்த நொடியில் கறுப்பிலிருந்து நீலமானது என்று யாராவது சொல்ல முடியுமா? ஒரு தேவாரம் பாடி முடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. அங்கே பச்சை இருந்தது. யாரும் தொடவில்லை. உலகத்தில் இதைவிடக் கெட்டியான பொருள் இல்லை என்று சொல்லும் ஒன்று, எங்கள் எட்டுப் பேர் கண்ணுக்கு முன்னால், ஒரு செடியைப் போல வெளிச்சத்தைக் குடித்துத் தன் நிறத்தை மாற்றிக்கொண்டது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முப்பது வருடமாக மனிதர்களின் சாட்சியைக் கேட்கிறேன். ஒரு கல் சாட்சி சொல்லி இன்றுதான் பார்க்கிறேன்" என்றார்.

வழக்கு அங்கேயே முடிந்தது. மதாம் மோதிரத்தை விரலில் போட்டுக்கொள்ளவில்லை, கையில் பொத்திக்கொண்டு மாமா முன்னால் வந்து நின்றாள். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்து வீட்டு மதாம் நம்மவர் யாரையும் மிஸ்யே, ஐயா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "பார்தோன், மிஸ்யே" என்றாள், மன்னித்துவிடுங்கள் என்று. மாமா தலையை அசைத்தார். அவள் சொல்லிவிட்டாள், தம்பி. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று நினைத்தேன். மாமா வீட்டுக்கு வந்து, தன் சாமான்களை ஒரு மரப்பெட்டியில் அடுக்கினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பிள்ளை பிறந்ததும் சொல்லி அனுப்பு" என்று மட்டும் சொன்னார். சென்ட்ர் டி ஃப்ளாக் போகும் பஸ்ஸில் ஏறினார். மூன்று வாரம் கழித்து நீ பிறந்தாய். சொல்லி அனுப்பினோம். வெள்ளி அரைஞாண் ஒன்று வந்தது, அவர் வரவில்லை. அம்மா வருடத்துக்கு இரண்டு முறை ஃப்ளாக்குக்குத் துணி வாங்கப் போவதாகச் சொல்லிப் போவாளே, துணியே வாங்காமல் திரும்புவாளே, அது தன் தம்பியைப் பார்க்கத்தான்.

அந்தக் கல் என்னை விடவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டேன். பாதிரியாரிடம் கேட்டேன், பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியாரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் போர்ட் லூயிஸில் ஒரு நகை வியாபாரியிடம் லண்டனில் உள்ள ஒரு அருங்காட்சியகத்தின் முகவரி வாங்கி, தபால் குமாஸ்தாவைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். எட்டு மாதம் கழித்து, அங்கே கற்களை ஆராயும் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்கும் அம்மாவுக்கும் அதை வாசித்துக் கிரியோலில் சொன்னாய், நினைவிருக்கிறதா? அப்பாவுக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்டாய். தொழிலுக்கு வேண்டும் என்றேன். அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

நீ வாசித்ததை நான் மறக்கவில்லை. வைரம் என்பது வெறும் கரி. நான் தினமும் உலையில் போட்டு ஊதுகிறேனே, அதே கரி. நம் தீவின் நீளத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத சூட்டிலும் பாரத்திலும், மனிதன் என்று ஒருவன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் அது உறைந்திருக்கிறது. சுத்தமாக உறைந்தால் அதற்கு நிறமே இல்லை. நாம் மூச்சிழுக்கும் காற்றில் பெரும்பங்காக இருக்கிறதே நைட்ரஜன், அதில் மிகச் சிறிய அளவு கரியின் நடுவே மாட்டிக்கொண்டால் மஞ்சள். பூமிக்கு அடியில் ஏதோ ஒரு பாறையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வந்து காலகாலமாகப் பட்டுக்கொண்டிருந்தால் பச்சை, அதுவும் பல கற்களில் மேல்தோல் அளவுக்குத்தான். அந்த மாதிரிப் பச்சையை அதிகம் சூடு காட்டினால் நிறம் போனது போனதுதான் என்று எனக்கு எச்சரிக்கையும் எழுதியிருந்தார். ஆழத்தில் நசுங்கி, உள்ளே அடுக்கடுக்காக வழுக்கி நகர்ந்த கற்கள் பழுப்பாகின்றன, ரோஜா நிறமும் அப்படித்தான் வருகிறது என்று நினைக்கிறார்களாம். கறுப்பு என்பது உள்ளே நிறைந்த கரும்புள்ளிகள். நீலம் எதனால் என்பதில் இன்னும் அவர்களுக்குள் வாதம் நடக்கிறதாம்.

அதன் கீழே என் கல்லைப் பற்றி நாலு வரி. வெளிச்சத்திலும் இருட்டிலும் நிறம் மாறும் வைரங்கள் உண்டு, மிக அபூர்வம், உலகத்தில் சிலதான் தெரியும், நீங்கள் பார்த்தது அதில் ஒன்றாக இருக்க வேண்டும். ஏன் மாறுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான். "எங்களுக்குத் தெரியாது" என்ற அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன், நீ வாசித்தாய். லண்டனில் அவ்வளவு பெரிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர், முகம் தெரியாத ஒரு மாயெபூர்ப் பத்தருக்கு, தெரியாது என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டிருந்தார். மறுநாள் உலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு கரித் துண்டைக் கையில் எடுத்தேன், கீழே வைக்க மனம் வரவில்லை. காற்றும் கரியும் பாரமும் காலமும் சேர்ந்து இவ்வளவு செய்யுமா? செய்துவிட்டு, இருட்டுக்கு ஒரு முகம் வெளிச்சத்துக்கு ஒரு முகம் என்று ஒன்றையும் அதில் வைத்துவிடுமா? கோயிலில் தீபாராதனை பார்க்கும்போதுகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. மாமாவிடம் ஓடிப்போய், நீ சொன்னதுதான் சரி, லண்டனிலிருந்தே எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். ஃப்ளாக் எவ்வளவு தூரம், ஒரு பஸ் தூரம். நான் போகவில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிற பிள்ளைக்கு அப்பா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உன் பெண்டாட்டியோ, அவள் வீட்டாரோ, உன்னோடு வேலை செய்கிறவரோ, நடக்கவே முடியாத ஒன்றை நடந்தது என்று சொல்வார்கள். நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாருங்கள் என்று அவர்கள் சொன்னால், பார். அவ்வளவுதான் கேட்கிறேன். பார்த்துவிட்டுப் பொய் என்றால் பொய் என்று சொல். பார்க்காமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சென்ட்ர் டி ஃப்ளாக் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் மாமாவுக்குக் கடிகாரம் பழுதுபார்க்கும் சின்னக் கடை. தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க அத்தான், உட்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார், பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கி வந்தார். இருபது வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. "சின்னத்தம்பி, என்னை மன்னிச்சிடு. நீ பாக்கச் சொன்னப்போ நான் பாக்கலே" என்றேன்.

அவர் டீயைக் கலக்கினார். "கண்ணாடி உங்க பையிலதான் இருந்துச்சு. கயிறு வெளியே தொங்குச்சு. எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "நீங்க என்னைத் திருடன்னு நம்பியிருந்தீங்கன்னா நான் மறுநாளே திரும்பி வந்திருப்பேன் அத்தான். அந்தக் கல்லை யாரு நம்புவா? நானே நம்பலே. ஆனா நீங்க பாக்கப் பயந்தீங்க. அதைத்தான் என்னால தாண்டி வர முடியலே."

லண்டன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். விரல் வைத்து வாசித்தார். கடைசி நாலு வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். அவர் கண் இருபத்தாறு வயதுக் கண்ணாக இருந்தது. "அவங்களுக்கும் தெரியலையா!" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. அவர் கையை என் தோளில் வைக்கவில்லை, ஆனால் எனக்கு இன்னொரு டீ வாங்கி வந்தார். அந்தக் கடிதத்தை அவரிடமே விட்டு வந்தேன்.

கிளம்பும்போது கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். "பையனுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன், நிலத் தகராறு என்று சொல்லி வைத்திருப்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "அப்போ நீங்க கூப்பிட்டு நான் வரமாட்டேன் அத்தான். மாமன்னு நான் அவன் பக்கத்துல நிக்கணும்னா, நான் யாருன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். நீங்களே சொல்லுங்க, ஒண்ணும் குறைக்காம. அப்புறம் அவனுக்கு வேணும்னா அவனே வந்து கூப்பிடட்டும்."

ஒன்றும் குறைக்காமல் சொல்லிவிட்டேன், தம்பி. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாத நாள் பார்த்து நீ ஃப்ளாக் போ. கடை எது என்று பஸ் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் உன்னோடு வரமாட்டேன், எனக்காக அவரிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். என்னைப் பற்றி நீ இப்போது என்ன நினைக்கிறாயோ, அதை என்னிடம் பிறகு சொல், நான் ஓடிவிட மாட்டேன். மணவறையில் நீ முதலில் யார் காலைத் தொட வேண்டும் என்பதையும் நீயே முடிவு செய். அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. நீ அவரைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது அவளுக்குத் தெரிந்தால் போதும்.